ஒளிக்கம்பியில் ஒரு தட்டல்

லேப்டாப்பை நிறுத்தி அரைமணி ஆன பிறகும் அதன் இயர்போன் துளைக்குள் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

விளக்கு என்று சொல்வதுகூட அதிகம். மிளகில் பாதி இருக்கும். சுதர்சன் அதைப் பார்த்துப் பயப்படவில்லை, ஏளனமாகச் சிரித்தான். எதைப் பார்த்தாலும் முதலில் ஏளனமாகச் சிரித்துவிட்டு, அது என்னவென்று பிறகு பார்ப்பது அவன் வழக்கம். அது பழைய ரக லேப்டாப். அந்த ஒரே துளையில் சாதாரண இயர்போனும் மாட்டலாம், ஒளியாகச் சத்தத்தை எடுத்துப் போகிற ஆப்டிகல் கேபிளும் மாட்டலாம். உள்ளே ஒரு பொடி சுவிட்ச் இருக்கிறது. அது சிக்கிக்கொண்டால் விளக்கு அணையாமல் எரியும், பல்குத்தும் குச்சியை விட்டு ஒரு குத்து குத்தினால் சரியாகிவிடும். இந்த ரகசியம் ஹைதராபாத்தில் மொத்தம் நாலு பேருக்குத்தான் தெரியும் என்றும், மற்ற மூன்று பேருக்கும் அரைகுறையாகத்தான் தெரியும் என்றும் அவன் கணக்கு வைத்திருந்தான்.

மூன்று குச்சிகள் உடைந்தன. விளக்கு அணையவில்லை. நின்றுபோன லேப்டாப்பில் விளக்கு எரிய மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி, அத்தனை பெரிய மேதைக்குத் தோன்றவில்லை.

மாதாப்பூரில் ஹெட்போனும் ஸ்பீக்கரும் செய்கிற கம்பெனி ஒன்றில் சுதர்சனுக்குக் கேட்கிற வேலை. வேறொன்றும் இல்லை, கேட்பதுதான் வேலை. சுவரெல்லாம் பஞ்சு வைத்த அறைக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு மாதிரியாகக் காதில் மாட்டிப் பார்த்து, குறை இருந்தால் கறுப்பு மார்க்கரால் அதன் நெற்றியில் ஒரு எக்ஸ் போடுவான். எக்ஸ் விழுந்தது குப்பைக்குப் போகும். கொசு பறக்கிற சத்தத்தை வைத்தே அது வீடு இருக்கிற மெட்டுகுடா கொசுவா, ஆபீஸ் இருக்கிற மாதாப்பூர் கொசுவா என்று சொல்லிவிடுவேன் என்பான். யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. கொசுக்களும் மறுக்கவில்லை.

மனிதர்களுக்கும் எக்ஸ் போட்டிருக்கிறான். போன வருடம் சாய்குமார் என்ற ஜூனியர் ஒரு கரகரப்பைக் கவனிக்கத் தவறிவிட்டான். "உன்கிட்ட இருக்கிறதுக்குப் பேர் காது இல்லப்பா, மூக்குக்கண்ணாடி மாட்டிக்கிற கொக்கி" என்று எல்லார் முன்னாலும் சொல்லி, அவன் மதிப்பீட்டுத் தாளில் மூலைக்கு மூலை ஒரு எக்ஸ் இழுத்தான். சாய்குமார் கர்னூலுக்கே திரும்பிப் போய்விட்டான்.

இப்போது ஆறு மாதமாக சுதர்சனின் இடது காது கேட்கவில்லை.

முதலில் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. பிறகு கிணற்றுக்கு மூடி போட்ட மாதிரி ஆயிற்று. தார்நாகாவில் ஒரு காது டாக்டர், படத்தில் கீழே கீழே இறங்குகிற ஒரு கோட்டைக் காட்டி, நரம்பு போய்விட்டது, திரும்ப வராது என்றார். சுதர்சன் அந்த டாக்டரின் மெஷினை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அதில் மாட்டியிருந்த ஹெட்போன் எழுநூறு ரூபாய் சரக்கு என்று கண்டுபிடித்து, நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டான். மனைவி சுபாஸ்ரீயிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆறு மாதமாக அவள் எப்போதும் தன் வலது பக்கமாகவே வந்து பேசுகிறாள் என்பதையும் கவனிக்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை கம்பெனியில் வருடாந்திரக் காதுப் பரிசோதனை. தேறாவிட்டால் கேட்கிற அறையின் சாவியை வாங்கிக்கொள்வார்கள். யார் முன்னால் சாய்குமாரைச் சொன்னானோ அவர்கள் முன்னாலேயே வாங்கிக்கொள்வார்கள்.

ஆகையால் குறை காதில் இருக்க முடியாது என்று அவன் முடிவு செய்திருந்தான். குறை ஒயரில். செம்பு ஒயர் இரைச்சலை இழுக்கும், வீட்டு எர்த் சரியில்லை, கீழ்வீட்டு ஃப்ரிட்ஜ் வேறு. ஒளிக்கு எர்த் கிடையாது, இரைச்சல் கிடையாது, கலப்படமே கிடையாது. ஆப்டிகல் கேபிள் நேராகச் செருகுகிற ஒரு பெட்டியும், அதனோடு வருகிற ஹெட்போனுமாக ஒரு செட்டைப் பாரடைஸ் ஓட்டல் பக்கத்துக் கடையிலிருந்து வாங்கி வந்தான். இதில் இடது பக்கம் கேட்டுவிட்டால் காது தப்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. வெளியே ஆடி மாத வானம் ஊறவைத்த சாக்கு மாதிரி தொங்கியது. தெருக்கோடியில் போனாலு திருவிழா மேளம் போய்க்கொண்டிருந்தது. லேப்டாப்பை மறுபடி போட்டான். கேபிளின் உருண்டை முனையை அந்தச் சிவப்புத் துளையிலும், சதுர முனையைப் பெட்டியிலும் செருகினான். ஹெட்போனை மாட்டினான்.

சத்தமே இல்லை.

கடைக்காரர் மாதவுக்குப் போன் போட்டு, அவருடைய கடையையும் அவருக்குச் சரக்கு அனுப்பியவனையும் பத்து நிமிடம் திட்டினான். மாதவ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், மூத தீசாரா?" என்றார். மூடியைக் கழற்றினீர்களா என்று.

கேபிளின் முனையில் தூசு படாமல் இருக்கக் கண்ணாடி நிறத்தில் ஒரு மூடி இருக்கும். அதைக் கழற்றாமலே செருகிவிட்டுச் சத்தம் வரவில்லை என்று அழுகிறவர்களை வைத்து சுதர்சன் ஆபீசில் எத்தனையோ முறை சிரித்திருக்கிறான். போனை வைத்தான். மூடியைக் கழற்றினான். சமையலறைப் பக்கம் பார்த்தான். நல்லவேளை, சுபாஸ்ரீ பார்க்கவில்லை.

இப்போது சத்தம் வந்தது. வலது காதில் மட்டும்.

சோதனைக் கோப்பை ஓட்டினான். வலது பக்கம் ஒரு மணி, பிறகு இடது பக்கம் அதே மணி, மாறி மாறி அடிக்க வேண்டும். வலதில் அடித்தது. இடதில் இல்லை. வலதில் அடித்தது. இடதில், மழைக்கு முந்தின காற்று நின்றுபோன மாதிரி, ஒன்றுமில்லை. ஒளி, கலப்படமில்லாத ஒளி, மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கிய ஒளி, அவனுடைய காதுக்குள் போய் அப்படியே செத்தது.

அப்போதுதான் கேட்டது.

இடது காதில். மிகத் தூரத்தில். இரும்பின் மேல் இரும்பு பட்ட மாதிரி ஒரு தட்டல், அதன் பின்னால் நீண்டு மெலிந்து போகிற ரீங்காரம்.

டங்ங்ங்.

சுதர்சனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கேட்கிறது! அந்த எழுநூறு ரூபாய் டாக்டரை மனத்துக்குள் நிற்கவைத்து நாலு வார்த்தை கேட்டான். மறுபடி டங்ங்ங். பிறகு ஒரு இடைவெளி. பிறகு இன்னொன்று. என்ன துல்லியம், என்ன சுத்தம் என்று கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தவன், தற்செயலாகத் திரையைப் பார்த்தான். சோதனைக் கோப்பு ஓடி முடிந்து எப்போதோ நின்றிருந்தது. இடது பக்கத்து அளவுக்கோடு செத்த பாம்பாகப் படுத்திருந்தது.

டங்ங்ங்.

சத்தத்தைக் குறைக்கிற பொத்தானை அமுக்கினான். ஒளி வழியாகப் போகும்போது லேப்டாப்பின் பொத்தான்கள் வேலை செய்யாது. அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அமுக்கினான்.

மேளம் இல்லை. அது எப்போதோ தெருவைத் தாண்டிவிட்டது. அப்படியானால் கீழ்வீடு. வீட்டுக்காரர் இருதயராஜ் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்தில் வேலூரில் இருந்து வந்த குடும்பம், தமிழில் ஹைதராபாத் உருது கலந்திருக்கும். டிவியைத் தெருவுக்கே வைக்கிற மனிதர். சுதர்சனின் அகராதியில் சத்தம் என்ற சொல்லுக்கு எதிரில் அவர் படம்தான் போட்டிருக்கும். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு தடதடவென்று இறங்கினான்.

"கீழ என்ன தட்டிட்டிருக்கீங்க?"

இருதயராஜ் வாசலில் நாற்காலி போட்டு முறுக்கு தின்றுகொண்டிருந்தார். "நான் எங்க சார் தட்டறேன்? நான் தட்டறதை விட்டுப் பன்னெண்டு வருசம் ஆச்சு."

"இரும்பைத் தட்டற சத்தம் கேக்குது. ஒரு தட்டு, கொஞ்ச நேரம் சும்மா, அப்புறம் இன்னொரு தட்டு."

முறுக்கு பாதியில் நின்றது. "நடுவுல சும்மா இருக்குதா?"

"ஆமா."

"ஹவ், அது சக்கரம் தட்டறது சார். நம்ம வேலை. வண்டி வந்து நிக்கும். நீளக் காம்பு சுத்தியல் எடுத்துக்கிட்டு ஒவ்வொரு சக்கரமா ஒரு தட்டு. ஓங்கி அடிக்க நக்கோ, சும்மா லேசா. அப்புறம் மூச்சு விடாம நின்னு கேக்கணும். நல்ல சக்கரம் பாடும். உள்ள விரிசல் விட்டது பாடாது, பொத்துன்னு இருக்கும். வெளிய பார்த்தா பளபளன்னுதான் இருக்கும், தட்டினாத்தான் தெரியும்."

"தெரிஞ்சா?"

"சாக்பீஸ்ல ஒரு எக்ஸு. கொக்கியக் கழட்டிப் பெட்டியை ஓரங்கட்டிடுவோம். வண்டி போயிட்டே இருக்கும்."

"பெட்டிக்குள்ள ஆள் இருந்தா?"

"இறங்குங்கம்மா இறங்குங்கன்னு ஒரு தரம் சொல்லுவோம். இறங்காம வீம்பு பண்ணினா, ஒருத்தருக்காக எதுக்கு சார் வண்டி நிக்கும்?" என்று சிரித்தவர், சிரிப்பை நிறுத்தினார். "ஆனா இப்ப யாரும் தட்டறதில்ல. எல்லாம் மெஷின். உங்களுக்கு எந்தக் காதுல கேட்டுச்சு?"

"ரெண்டுலயும்தான்" என்றான் சுதர்சன். "என் காதைப் பத்தி உங்களுக்கு என்ன? டிவியைக் கம்மியா வைங்க, போதும்."

மேலே வந்தான். மழை பிடித்துக்கொண்டது. அறைக்குள் ஈரச்சுவர் வாசனை, அடுப்பில் இஞ்சி தட்டிப்போட்ட தேநீர் வாசனை. இரண்டுக்கும் அடியில் மூன்றாவதாக ஏதோ, மசகெண்ணெயும் துருவும் கலந்து, தண்டவாளத்தின் மேல் வெயில் பட்டால் எழுகிற மாதிரி ஒரு வாடை. ஹெட்போனை மாட்டினான்.

டங்ங்ங்.

பக்கத்தில் வந்திருந்தது. இப்போது தட்டலுக்கும் தட்டலுக்கும் நடுவில் ஜல்லிக்கல்லின் மேல் நடக்கிற காலடியும் கேட்டது. சரக், சரக், சரக். நிற்கிறது. தட்டு. பிறகு அந்த இடைவெளி. அது வெறும் மௌனம் இல்லை என்று, தொழில் தெரிந்தவன் ஆனதால், சுதர்சனுக்குப் புரிந்தது. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிற மௌனம். பஞ்சு வைத்த அறையில் அவனே பதினொரு வருடம் செய்த மௌனம்.

கேபிளை லேப்டாப்பிலிருந்து பிடுங்கினான்.

சரக், சரக், சரக். டங்ங்ங்.

பிடுங்கிய முனை அவன் விரல்களுக்கிடையில் இருந்தது. கடுகளவு கண்ணாடிக் கண். அதற்குள் எந்த ஒளி விழுந்தாலும் பெட்டி அதைச் சத்தமாக்கப் பார்க்கும், அவ்வளவுதான், இதில் பயப்பட ஒன்றுமில்லை, பத்தாம் வகுப்புப் பாடம். ஜன்னல் பக்கம் நீட்டினான். சத்தம் மெலிந்தது. குழல்விளக்கைக் காட்டினான். இன்னும் மெலிந்தது. கட்டிலுக்கு அடியில், இருட்டில் நீட்டினான்.

சரக். காதுக்குள்ளேயே கல் நொறுங்கியது.

கையை இழுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். அந்த நிமிடம் மின்சாரம் போயிற்று. மின்விசிறி நாலு சுற்று சுற்றி ஓய்ந்தது. பெட்டியில் எரிந்த பச்சை விளக்கு அணைந்தது. பெட்டி செத்தது. மழைமேகம் மூடிய மாலை நாலரை மணியின் இருட்டில், லேப்டாப்பின் துளைக்குள் மட்டும் அந்தச் சிவப்புப் புள்ளி, கடைசிப் பெட்டியின் பின்னால் மாட்டுகிற விளக்கு மாதிரி, எரிந்தது.

டங்ங்ங். நேர் கீழே. நீளமாக, கொஞ்சம் கரகரப்பாக, ஆனால் உடையாமல் பாடியது.

"யேசுவே!" என்று கீழ்வீட்டிலிருந்து இருதயராஜின் குரல் வலது காதில் கேட்டது. "யார்ரா மண்டையில தட்டறது?"

சுதர்சன் ஹெட்போனைக் கழற்றினான். கழற்றிக் கட்டில்மேல் எறிந்தான்.

சரக், சரக்.

அது ஹெட்போனில் இல்லை. இடது காதில் இருந்தது. செத்த காதில். படியேறுகிறது. ஜல்லிக்கல் இல்லாத படியில் ஜல்லிக்கல் சத்தத்தோடு ஏறுகிறது. கூடத்தைத் தாண்டுகிறது. சமையலறைக்குள் போகிறது. நிற்கிறது.

டங்ங்ங்ங்ங்.

அப்படி ஒரு ஒலியை அவன் கேட்டதே இல்லை. எந்தக் கரகரப்பும் இல்லை. மழை, சுவர், இருட்டு எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போனது, போய்க்கொண்டே இருந்தது. பதினொரு வருடமாகத் தேடிய சுத்தம் சுபாஸ்ரீயிடம் இருந்திருக்கிறது. ஒரு நாளும் காது கொடுக்கவில்லை.

"ஸ்ஸ்... ஆ" என்றாள் சமையலறையில் சுபாஸ்ரீ.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. நெத்தியில யாரோ சுண்டின மாதிரி இருந்துச்சு." பிறகு, மழைக்கு மேலாக, மெதுவாகக் கேட்டாள். "என்னங்க, நாளைக்கு டெஸ்ட்டுதானே? அந்தக் காது எப்படி இருக்கு?"

சரக்.

அவளுக்குத் தெரியும். எத்தனை நாளாகவோ தெரியும்.

சரக்.

இறங்குங்கம்மா இறங்குங்கன்னு ஒரு தரம் சொல்லுவோம்.

சொல்லிவிடலாம். நாலு வார்த்தை. இடது காது கேட்கலை சுபா. தொண்டை வரை வந்தது. நாக்கு திரும்பியது. ஆனால் நாற்பது வருடம் ஒரே தடத்தில் ஓடிய நாக்கு.

"என் காதுக்கு என்ன?" என்றான். "அந்த டாக்டர் மெஷின்தான் ஓட்டை. உனக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது!"

காலடி அவனுக்குப் பின்னால் வந்து நின்றது.

எண்ணெய் வாடை. துரு.

பொத்.

வலிக்கவில்லை. இடது காதுக்குப் பின்னால், லேசாக, ஈரமான சுவரைத் தட்டிய மாதிரி. அவ்வளவுதான். பிறகு அந்த மௌனம். யாரோ மூச்சைப் பிடித்துக் கேட்கிற மௌனம். வெகுநேரம் கேட்டது. நியாயமாக, அவசரப்படாமல் கேட்டது. சாய்குமாருக்கு அவன் கொடுத்ததைவிட அதிக நேரம் கொடுத்தது.

பொத்.

அதே இடத்தில் இன்னொரு முறை. சந்தேகமில்லாமல்.

சாக்பீஸ் உராய்ந்தது. காதுக்குப் பின்னால் தோலின் மேல். மேலிருந்து கீழே ஒரு கோடு. குறுக்கே இன்னொன்று. பொடி கழுத்தில் உதிர்ந்தது.

எங்கோ அடியில் ஒரு கொக்கி கழன்றது.

மழைச் சத்தம் நின்றது. மழை நிற்கவில்லை. ஜன்னலில் பெய்துகொண்டுதான் இருந்தது.

சுபாஸ்ரீ மெழுகுவர்த்தியோடு வந்தாள். இன்னொரு கையில் ஒரே ஒரு டம்ளர் தேநீர். வழக்கம்போல அவனுடைய வலது பக்கமாக வந்து நின்று வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. என்னங்க. வலது காதில் ஒன்றும் விழவில்லை. அவள் நாற்காலியைப் பார்த்தாள். அதில் உட்கார்ந்திருந்தவனைப் பார்க்கவில்லை. கட்டில்மேல் கிடந்த ஹெட்போனை எடுத்து, கேபிளைச் சுற்றி, மேசையில் வைத்தாள்.

"சுபா!"

அவள் நகர்ந்தாள். கால் எடுத்து வைக்கவில்லை. நின்றபடியே நகர்ந்தாள். அவளோடு மெழுகுவர்த்தியும், மேசையும், ஜன்னலும், ஜன்னலில் பெய்த மழையும், முழு வீடும், ஸ்டேஷனை விட்டுக் கிளம்புகிற வண்டி மாதிரி, முதலில் தெரியாத அளவுக்கு மெதுவாக, பிறகு கொஞ்சம் வேகமாக.

"சொல்லிடறேன்! கேக்கலை! எனக்கு இடது காது கேக்கலை!"

மெழுகுவர்த்தி சுருங்கியது. அவள் சுருங்கினாள். கடைசியில் லேப்டாப்பின் அந்தச் சிவப்புப் புள்ளி மட்டும். மிளகு. கடுகு. கசகசா.

பிறகு அதுவும் இல்லை.

கண் இருட்டுக்குப் பழகியபோது முதலில் தெரிந்தது வெள்ளைதான். அவனுக்கு முன்னால், ஒருவர் பின் ஒருவராக, கண்ணுக்கெட்டின தூரம்வரை, முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலிகளில் ஆட்கள். அசைவில்லை. பேச்சில்லை. ஒவ்வொருவரின் இடது காதுக்குப் பின்னாலும் சாக்பீஸில் ஒரு எக்ஸ். பழையவை மங்கியிருந்தன.

அவனுடையது புதிது. பொடி இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது.

பின்னாலிருந்து இன்னொரு நாற்காலி மெல்ல உருண்டு வந்து, அவன் நாற்காலியின் முதுகில் முட்டி, நின்றது.